டிஸ்ட்ராக்டர்: போலியா, மருளா? (கலைச்சொல் மடற்குழு இழை)

குடந்தை:

அனைவருக்கும் வணக்கம். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வாகிய கிளாட் எழுதப்போகும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கான பத்தி வாசிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. தேர்வு முழுக்க ஆங்கிலம். விளக்கம் மட்டும்தான் தமிழில். மற்ற சொற்கள் எல்லாம் ஒருவழியாகப் படிந்துவிட்டன, டிஸ்ட்ராக்டரைத் தவிர. நான்கு தெரிவுகளில் சரியானதுபோல் நின்று பிள்ளையை இழுக்கிற மூன்றுக்கும் அது பொதுப்பெயர். ‘தவறான விடை’ என்றால் அந்த இழுப்பு வரவில்லை. வரைவில் ‘திசைதிருப்பி’ என்றிருக்கிறது. எனக்கே நாவில் ஒட்டவில்லை.

சொல்லைப் பொருத்திப் பார்க்க 6ஆம் பக்கத்துப் பத்தியைத் தருகிறேன்:

“கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரைக் காவிரி நடுவர் மன்றம் 2007இல் 192 டிஎம்சி என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரு நகரத் தேவைக்கு. மீதி 10, தமிழ்நாட்டுப் படுகையில் உள்ளதாகக் கொண்ட 20 டிஎம்சி நிலத்தடி நீரில் பாதியைக் கருத்தில் எடுத்ததால்.”

பத்தியிலிருந்து பெறப்படுவது எது?
அ. குறைப்புக்கு நிலத்தடி நீர் மட்டுமே காரணம்.
ஆ. மாநிலங்களிடை ஆற்று நீர் எந்த மாநிலத்துக்கும் தனியுடைமை அன்று.
இ. குறைப்பின் பெரும்பகுதி நிலத்தடி நீரைக் கருத்தில் கொண்டதால் வந்தது.
ஈ. நிலத்தடி நீரில் பாதி கணக்கில் வந்தது. அந்தப் பாதி பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டது.

இ சரி. மற்ற மூன்றையும் என்னவென்று அழைப்பது?

மாயவரம்:

‘திசைதிருப்பி’ கல்லணையில் வெண்ணாற்றுப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிற கதவின் பெயர் மாதிரி இருக்கிறது. எடுத்துவிடுங்கள். ‘கவர்விடை’ எப்படி? கவர் என்றால் இழுப்பது, கிளைத்துப் பிரிவது, இரண்டும் உண்டு. ‘கவர்படு பொருள்மொழி’ என்று இலக்கணத்திலேயே இருக்கிறதே.

நாகை:

அக்கா, பிள்ளைகள் காதில் ‘கவர்’ தபால் கவராகத்தான் விழும். பணம் வைத்துக் கொடுக்கிற கவர் என்றும் ஒரு பொருள் இருக்கிறது, சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். :)

எங்கள் பக்கம் நெற்சக்களத்தி என்று ஒரு களை. நாற்றோடு நாற்றாக நிற்கும், உயரமும் நிறமும் நெல்லேதான். இலையும் தண்டும் சேருகிற இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்குச் சவ்வுபோல் சின்ன நாக்கு இருக்கும், களைக்கு இருக்காது. தூர நின்று பார்த்தால் தெரியாது, கணுவில் பார்க்க வேண்டும். அ தெரிவில் ‘மட்டுமே’தான் அந்தக் கணு. ‘சக்களத்தி விடை’ என்று போடுங்கள், டெல்டாப் பிள்ளை ஒன்றுகூட மறக்காது.

மாயவரம்:

தம்பி, உவமை அருமை. பள்ளிப் பிள்ளைகள் கையில் போகிற புத்தகத்தில் அந்தச் சொல் வராது. பெண்ணைத் திட்டுகிற சொல்லைக் கலைச்சொல்லாக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

திருவையாறு:

அன்பர்களுக்கு. ‘மருள்விடை’ என்பதே தகும். “பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருளானாம் மாணாப் பிறப்பு” என்பது குறள். விடையல்லாததை விடையென்று உணர்வது மருள். இதைவிட நேரான வரையறை வேறில்லை. இன்னொன்றும் கருதுக. மருட்பா வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடிவது. ஈ தெரிவைப் பாருங்கள்: முன்பாதி பத்திக்கு இயைந்தது, பின்பாதி அயலானது. தேர்வாளர்கள் அறியாமலே மருட்பா யாத்திருக்கிறார்கள்.

இடையில் ஒன்று: ‘விடை’ என்பதே ஆய்வுக்குரியது. ‘விடு’ என்பதன் அடியாக விடுகை, விடைபெறுதல், வினாவை விடுவித்தல் எனப் பொருள் விரியும். இடபத்தைக் குறிக்கும் ‘விடை’ அதே வேரா, வேறா? “தோடுடைய செவியன் விடையேறி” என்னுமிடத்தில்...

மன்னை:

ஐயா, இடபம் நிற்கட்டும். இந்த ஊரில் மருள் என்றால் கோயில் கொடையில் ஆடுவது. வகுப்பில் சொன்னால் உடுக்கை அடிப்பார்கள்.

பொதுப்பெயரைவிட வகைப்பெயர்தான் மாணவருக்கு உதவும். ஒரு தெரிவை ஏன் அடித்தேன் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த பத்தியில் கை தயங்காது. அதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. நன்னூலின் பத்துக் குற்றத்தில் இருக்கிறது. ‘மட்டுமே’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று பத்தியைத் தாண்டிக் குரல் உயர்த்தினால் மிகைபடக் கூறல்: அ தெரிவு. பத்தியில் இல்லாததைக் கொண்டுவந்தால் மற்றொன்று விரித்தல்: ஆ. நன்றாகத் தொடங்கி முடிவில் கெட்டால் சென்று தேய்ந்து இறுதல்: ஈ. பத்தி சொன்னதற்கு நேரெதிர் என்றால் மாறுகொளக் கூறல். மையக்கருத்துக் கேள்வியில் ஒரே ஒரு பாராவின் செய்தியை மட்டும் சொல்லும் தெரிவு குன்றக் கூறல். அது உண்மையாகவே இருக்கும், அதனால்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

ஆ தெரிவைப் பற்றித் தனிக்குறிப்பு அவசியம். அது நீதிமன்றம் அதே தீர்ப்பில் சொன்னதுதான், செய்தித்தாளிலும் வந்தது. காவிரி வழக்கைச் சோற்றோடு கேட்டு வளர்ந்த பிள்ளை முதலில் அதைத்தான் தொடும். ஆனால் கொடுத்த பத்தியில் அது இல்லை. தெரிந்த விஷயத்தில் பத்தி வந்தால்தான் அதிகக் கவனம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

குடந்தை:

மன்னை ஐயாவின் வகைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செய்முறைப் பகுதி இப்படி இருக்கிறது, சரிபாருங்கள்: 120 நிமிடம், 120 கேள்வி. ஆங்கிலப் பகுதியில் பத்தி ஏறக்குறைய 450 சொல். பத்திக்கு ஐந்து கேள்வி என்றால் வாசிப்பும் சேர்த்து ஐந்து நிமிடம்தான். இரண்டரை நிமிடத்தில் ஒரே வாசிப்பு, பாராவுக்கு ஒரு சொல் ஓரத்தில். கேள்வியைப் படித்ததும் தெரிவுகளைக் கையால் மூடி, விடை என்னவாக இருக்கும் என்று மனதில் சொல்லிக்கொள்வது. பிறகு திறந்து, சரியானதைத் தேடாமல் தவறானதை அடிப்பது. இரண்டு மிஞ்சினால் அவை இரண்டும் வேறுபடுகிற சொல்லுக்கு மட்டும் பத்தியில் சான்று தேடுவது. முழுப் பத்தியையும் மறுபடி படிக்கப் போனால் நேரம் போச்சு.

நாகை:

கழிப்பு மதிப்பெண் கணக்கையும் சேருங்கள். சரிக்கு 1, தவறுக்கு 0.25 போகும். நான்கில் கண்ணை மூடிக் குத்தினால் சராசரி ஆதாயம் 0.0625, ஒன்றுமில்லாத மாதிரிதான். இரண்டை அடித்துவிட்டுக் குத்தினால் 0.375. அடிக்கத் தெரிவதுதான் மதிப்பெண்.

அமெரிக்கச் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான எல்சாட்டின் பழைய தாள்களைப் பயிற்சிக்குத் தருவதாக இருந்தால் ஒரு வரி எச்சரிக்கை வேண்டும்: அங்கே ஐந்து தெரிவு, கழிப்பு கிடையாது, வாசிப்புப் பகுதியில் 35 நிமிடத்தில் நான்கு பத்தித் தொகுதி. 2007இலிருந்து அதில் ஒன்று இரட்டைப் பத்தி. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து எல்லாவற்றையும் நிரப்பினால் ஒவ்வொரு தவறுக்கும் 0.25 போகும்.

மாயவரம்:

பொதுப்பெயர் இன்னும் முடியவில்லை. ‘போலி விடை’ போடலாமே. பூம்புகார்க்காரி மணிமேகலைக்கு அறவண அடிகள் சொன்ன அளவை (தருக்க) நூலிலேயே பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வருகிறது. ஏது என்றால் காரணம்; ஏதுபோல் நின்று ஏது ஆகாதது ஏதுப்போலி. விடைபோல் நின்று விடை ஆகாதது விடைப்போலி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

திருவையாறு:

புரியும், தவறாகப் புரியும். எழுத்திலக்கணத்தில் போலி என்றால் என்ன? நிலம், நிலன்; மஞ்சு, மைஞ்சு. ஓரெழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதது. இங்கோ ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடுகிறது; ‘பெரும்பகுதி’ நின்ற இடத்தில் ‘மட்டுமே’ வந்தது போலியா? இலக்கணம் படித்த மாணவனுக்கு முரணான பாடம் புகட்டுகிறீர்கள். நன்னூற் குற்றங்களும் நூல் செய்வோனுக்குச் சொன்னவை, விடைத் தெரிவுக்கு அல்ல.

மன்னை:

போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்று பதிவு அலுவலகம் முதல் நீதிமன்றம் வரை புழங்குகிற சொல் ஐயா. முகன், நிலன் நினைத்து எவரும் குழம்பியதில்லை. குற்றங்களைப் பொறுத்தவரை, தெரிவை எழுதுகிறவனும் ஒரு நூல் செய்வோன்தான், குற்றத்தை வேண்டுமென்றே செய்கிறான்.

நாகை:

போலிக்கு நானும் சரி. சக்களத்தியை மனசுக்குள் வைத்துக்கொள்கிறேன்.

குடந்தை:

நேரமில்லை. தலைப்பில் ‘போலி விடை’, முதல் இடத்தில் மட்டும் ‘டிஸ்ட்ராக்டர் எனப்படும் போலி விடை’. உள்ளே மன்னை ஐயாவின் ஐந்து வகை. மருள்விடையை மறுபதிப்பில் பார்க்கலாம். மெய்ப்பு இணைத்துள்ளேன், நாளை மாலைக்குள் திருத்தம் அனுப்புங்கள்.

திருவையாறு:

என் உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். ஏற்றவர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். மெய்ப்பு பார்த்தேன். 9ஆம் பக்கத்தில் ‘குன்றக் கூறல்’ என்பது ‘குன்றாக் கூறல்’ என்று ஏறியிருக்கிறது. ஒரு கால் கூடியதில் குற்றம் குணமாகிவிட்டது. 11ஆம் பக்கத்தில் ‘இறுதல்’ வல்லின றகரம், ‘இருதல்’ அன்று.