மறு: ஃப்ரோசன் ஷோல்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற தோள் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உறைதோள், உறைந்த தோள்பட்டை, தோள்பிடிப்பு, தோள் இறுக்கம், ஒட்டு உறை அழற்சி, கும்பவாதம், கடைசியாகக் கோவை நண்பர் பாதி விளையாட்டாக அனுப்பிய ‘ஐம்பதின் தோள்’. எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. நோயாளிகளுக்கான துண்டறிக்கை அச்சுக்குப் போயாக வேண்டும் என்பதால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மறுப்பவர்கள் தயங்காமல் மறுக்கலாம்.

சொல்லைப் பிடிக்கும் முன் நோயைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் வருவது. பெண்களுக்குச் சற்றுக் கூடுதல், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களிடமும், ஏதோ காரணத்தால் கையை வெகுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களிடமும் காணலாம். பலருக்குக் காரணமே தெரியாது. முதலில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடும். பிறகு ரவிக்கையின் பின்கொக்கிக்குக் கை எட்டாது, கூந்தலை முடிய முடியாது, பின்பையில் இருக்கும் பர்ஸை மறுகையால் எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவர் செய்யும் சோதனை ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்வார். கொஞ்சம் திரும்பி நின்றுவிடும். பிறகு அவரே மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்புவார். அப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் கிழிந்தவரின் கதை வேறு. அவரால் கையைத் தூக்க முடியாது. ஆனால் மருத்துவர் தூக்கினால் கை மேலே போகும். ஆக, தானாகவும் அசையாது, பிறர் அசைத்தாலும் அசையாது, எக்ஸ்ரேயிலும் பெரிதாக எதுவும் தெரியாது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாம் பெயர் தேடும் நோய்.

இப்போது பட்டியலுக்கு வருவோம்.

‘தோள்பிடிப்பு’ மக்கள் வாயில் இருக்கும் சொல் என்று மதுரையிலிருந்து எழுதும் இயன்முறை மருத்துவர் சொன்னார். உண்மைதான். ஆனால் கழுத்துப் பிடிப்பும் வாயுப் பிடிப்பும் அதே வாயில்தான் இருக்கின்றன. இரண்டு நாளில் தைலம் தேய்த்தால் போகிற ஒன்றுக்கும், ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை இழுக்கக்கூடிய ஒன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால், நோயாளி தைலத்தோடு ஆறு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் மருத்துவரிடம் வருவார்.

‘கும்பவாதம்’ சித்த மருத்துவர்களின் சொல். அவர்கள் இந்த நோயை அதனோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அது எண்பது வகை வாதங்களைப் பகுக்கும் ஒரு தனி முறையின் உறுப்பு. அங்கிருந்து ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி வந்து ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிய துண்டறிக்கையில் ஒட்டுவது இரண்டு மருத்துவத்துக்கும் நியாயமில்லை.

‘ஐம்பதின் தோள்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியர் இதை ‘கோஜூகத்தா’ என்கிறார்கள். நேர்ப்பொருள் ஐம்பது வயதுத் தோள். காரணத்தையும் சொல்லாமல் உறுப்பின் உள்விவகாரத்தையும் சொல்லாமல் வயதை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்ட பெயர். அந்த அடக்கம் நமக்கும் வேண்டும்தான். ஆனால் சர்க்கரை நோய் நம் ஊரில் வயது பார்ப்பதில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரரிடம் ‘உங்களுக்கு ஐம்பதின் தோள்’ என்றால் சண்டைக்கு வருவார்.

பலரும் கை தூக்கியது ‘உறைதோள்’, ‘உறைந்த தோள்பட்டை’ இரண்டுக்கும்தான். உறைதோளுக்காக யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன வாதம் வலுவானது. அது வினைத்தொகை, உறைந்த, உறைகின்ற, உறையும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது, நோயும் படிப்படியாகத்தானே வருகிறது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு தடைகள். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப் பையை நாம் ஏற்கெனவே ‘மூட்டுறை’ என்கிறோம். அந்த உறையில்தான் நோய் இருக்கிறது. ‘உறைதோளில் மூட்டுறை சுருங்கும்’ என்று எழுதினால் இரண்டு உறைகளும் முட்டிக்கொள்கின்றன. மற்றொன்று குளிர். முன்வரைவை ஒரு புறநோயாளிப் பிரிவில் வாசித்துக் காட்டியபோது, வரிசையில் இருந்த ஓர் அம்மா ‘உறைந்துபோனது என்றால் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கக் கூடாதா?’ என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஏசியை நிறுத்தச் சொன்னார். பனி உறையும் நாட்டில் பிறந்த உருவகம் இங்கே வந்தால் இப்படித்தான் ஆகும்.

‘ஒட்டு உறை அழற்சி’க்குச் சற்று நேரம் கொடுக்கிறேன், ஏனென்றால் அதுதான் ‘அறிவியல் பெயர்’ என்று இரண்டு மூன்று பேர் அழுத்தமாக எழுதியிருந்தார்கள். 1872-இல் பாரிசில் டுப்ளே என்ற அறுவை மருத்துவர் இந்தத் தொல்லையை மூட்டைச் சுற்றிய அழற்சி என்றார். 1934-இல் பாஸ்டனில் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயரிட்டார். வரையறுக்கவும் விளக்கவும் சிகிச்சை தரவும் கடினமான நோய் என்று அவரே ஒப்புக்கொண்டுதான் பெயர் வைத்தார். 1945-இல் நெவியாசர் என்ற அறுவை மருத்துவர், மூட்டுறை எலும்பின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது, தோலிலிருந்து பிளாஸ்திரியை உரிப்பதுபோல உரிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டு, அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ், அதாவது ஒட்டு உறை அழற்சி, என்றார். பிற்பாடு மூட்டுக்குள் கேமராக் குழாயான உள்நோக்கியை நுழைத்துப் பார்த்தவர்கள் அப்படிப்பட்ட ஒட்டலை அவ்வளவாகக் காணவில்லை. கண்டது, சிவந்து தடித்துச் சுருங்கிய உறை. கை மேலே போக இடம் தரும் கீழ்மடிப்பு சுருங்கிக் காணாமல் போயிருந்தது. இயல்பான தோள்மூட்டில் 20 மில்லி திரவம் தாராளமாகக் கொள்ளும். இதில் பெரும்பாலும் 10 மில்லிக்கே இடம் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் பழைய பெயர் பழக்கத்தால் நிற்கிறது. அவர்கள் கைவிட முடியாமல் சுமப்பதை நாம் 80 ஆண்டு கழித்து ஆசையாக இறக்குமதி செய்ய வேண்டுமா?

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தவறான கொள்கையைச் சுமந்த பெயர் அகராதியோடு நிற்பதில்லை, கத்திவரை போகும். தோளிலேயே, வேறொரு நோயில், சான்று இருக்கிறது. தோளின் உச்சியில் கூரைபோல நீளும் எலும்பின் முனை கீழே உள்ள தசைநாணை உரசுகிறது, அதனால்தான் வலி என்று 1972-இல் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். பெயரே இம்பிஞ்ச்மென்ட், இடித்து நெருக்குதல். இடிக்கிறது என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், இடிக்கும் எலும்பைச் செதுக்குவதுதானே வைத்தியம்? உலகெங்கும் பல்லாயிரம் பேருக்குச் செதுக்கினார்கள். 2018-இல் லான்செட் மருத்துவ இதழின் அச்சில் வந்த பிரித்தானிய ஆய்வில் 313 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள், இன்னொன்றுக்குக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செய்யாமல் மூடினார்கள், மூன்றாவது பிரிவுக்கு அறுவையே இல்லை. செதுக்கியவர்களுக்கும் சும்மா மூடியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அறுவையே இல்லாதவர்களைவிட இரு பிரிவினரும் சற்று மேல் என்றாலும், நோயாளி உணரும்படியான அளவு அது இல்லை. இப்போது அங்கேயே பலர் அந்தப் பெயரைக் கைவிட்டு, வலி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும் பெயருக்கு மாறிவிட்டார்கள். ஆகவே நம் துண்டறிக்கையில் ‘தோள் உரசல் நோய்’ வேண்டாம். ‘தோளுச்சியடி வலி’ என்று வைப்போம். எலும்பின் பெயராகிய அக்ரோமியனுக்கு மூலமான கிரேக்கச் சொற்களின் பொருளும் தோளுச்சிதான்.

திரும்பி நம் நோய்க்கு வருகிறேன். ‘தோள் இறுக்கம்’ கிட்டத்தட்டச் சரி. கையால் அசைத்துப் பார்த்தால் தெரிவதை மட்டும் சொல்கிறது, காரணத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குறை என்னவென்றால், நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து எழுந்தவரும் ‘தோள் இறுக்கமாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார். அன்றாடப் பேச்சிலிருந்து அரை அடி தள்ளி நிற்காத சொல் நோய்ப்பெயராக நிற்காது. அதனால் யாழ்ப்பாணத்து அன்பரின் இலக்கணத்தைக் கடன் வாங்கி ‘இறுகுதோள்’ என்கிறேன். இறுகிய, இறுகுகின்ற, இறுகும்: அவர் கேட்ட முக்காலமும் இருக்கிறது, குளிர் இல்லை, உறை முட்டவில்லை. காதுக்குப் புதிது, பொருளுக்குப் பழையது. நோயின் கட்டங்களை வலிக்கட்டம், இறுக்கக்கட்டம், தளர்வுக்கட்டம் என்று சொல்லிவிடலாம். அவற்றில் விவாதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சிகிச்சைச் சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நோயாளி கையெழுத்திடும் தாளில் வரப்போகிறவை அவை.

வலிக்கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும். ஊசிக்கு ஊசி என்றே பெயர் இருக்கட்டும். ஆனால் ‘சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும்’ என்ற வரி பக்கத்திலேயே தடித்த எழுத்தில் வர வேண்டும். உப்பு நீரையும் மருந்தையும் ஏற்றிச் சுருங்கிய உறையை உப்பவைப்பதற்கு ‘உறைவிரிப்பு ஊசி’. பயிற்சிகளுக்கு உள்ளதே போதும். மேசை விளிம்பை நல்ல கையால் பிடித்துக் குனிந்து, நோயுள்ள கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதனால் கை ஆடும்படி செய்வது ஊசலாட்டப் பயிற்சி. அது காட்மனின் பெயரால் அறியப்படுவது. கையையே ஆட்டினால் பயனில்லை என்பதைப் படத்தோடு போட வேண்டும். மற்றவை சுவரில் விரல்நடை, கப்பிப் பயிற்சி.

மயக்க மருந்து கொடுத்துவிட்டு மருத்துவர் கையைத் தூக்கித் திருப்பி உறையை நெகிழச் செய்யும் முறைக்கு ‘மயக்கி மடக்கல்’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். கையெழுத்திடப் போகிறவர் சிரிக்க மாட்டார். ‘மயக்கநிலை மூட்டிளக்கல்’ என்று வைக்கலாம். இளக்குதல் என்பதில் இறுகியதைத் தளரச் செய்வதும் இருக்கிறது, விசை கொடுப்பதும் இருக்கிறது. உள்நோக்கி வழியாக உறையை வெட்டி விடுவதற்கு முன்வைக்கப்பட்ட ‘மூட்டுறை விடுவிப்பு’ எனக்கு உடன்பாடில்லை. ரிலீஸ் என்ற ஆங்கிலச் சொல் கத்தியை மறைக்கிறது. நாமும் மறைக்க வேண்டியதில்லை. ‘மூட்டுறைத் தளர்வறுவை’ என்றால் நோக்கமும் தெரியும், அறுவை என்பதும் தெரியும். இலங்கைப் பதிப்பில் ‘தளர்த்தற் சத்திரசிகிச்சை’ என்று வரட்டும். மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் 1847-இல் வந்து சேர்ந்த மண்ணுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த வழிகளில் எது மேல் என்று துண்டறிக்கை சொல்லக் கூடாது. 2020-இல் லான்செட்டில் வந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வு 503 பேரிடம் மூட்டிளக்கல், தளர்வறுவை, ஊசியோடு கூடிய முறையான பயிற்சி மூன்றையும் ஒப்பிட்டது. மூன்றிலும் நோயாளிகள் தேறினார்கள். ஓராண்டு முடிவில் ஒன்று மற்றொன்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேல் என்று சொல்ல முடியவில்லை. தளர்வறுவையில் ஆபத்து சற்றுக் கூடுதல். ஆகவே பட்டியலில் பயிற்சியை முதலில் போடுவோம், ‘சாதாரண’, ‘உயர்தர’ போன்ற அடைகள் எங்கும் வேண்டாம். ‘நவீன அறுவை சிகிச்சை’ என்று முன்வரைவில் இருந்ததை நான் அடித்துவிட்டேன்.

கடைசியாக ரொட்டேட்டர் கஃப். மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகத் தழுவி நிற்கும் நான்கு தசைகளின் நாண்கள். ‘சுழல்தசைப் பட்டை’ என்றால் தோள்பட்டையோடு குழம்பும். ‘தோள்வளைத் தசை’ அழகான சொல். ஆனால் வளை முழு வட்டம், இந்தத் தழுவலோ அடியில் திறந்திருக்கிறது. மேலும், சுழற்றுவது இவற்றின் தலையாய வேலை அல்ல. பாடநூல் பந்துக்கிண்ண மூட்டு என்று சொன்னாலும் தோளில் கிண்ணம் இல்லை, ஆழமில்லாத சிறு தட்டுத்தான் இருக்கிறது. பந்து அதிலிருந்து வழுகாமல் அழுத்தி வைப்பதே இத்தசைகளின் முதல் வேலை. ‘பிடிதசை’ என்று எழுதலாமென்றால் தசைப்பிடிப்பு குறுக்கே வருகிறது. எனவே ‘அணைதசைகள்’. கிழிந்தால் ‘அணைதசை நாண் கிழிவு’. செய்தித்தாள்கள் எழுதும் ‘தசைநார் கிழிவு’ வேண்டவே வேண்டாம். எலும்பையும் எலும்பையும் கட்டுவதற்கும் தசையையும் எலும்பையும் கட்டுவதற்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். வயதானவர்களில் பலருக்கு வலியே இல்லாமல் இந்த நாண் கிழிந்திருக்கும் என்பதையும், விழுந்து திடீரெனக் கிழிந்தவர்கள் தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

இன்னும் தீராதது ஒன்று: பந்தையும் தட்டையும் இடம் மாற்றிப் பொருத்தும் ரிவர்ஸ் தோள்மூட்டு மாற்று அறுவை. ‘தலைகீழ் மூட்டு’ என்றால் மருத்துவர் தவறாகப் பொருத்திவிட்டார் என்றுதான் படும். ‘இடம்மாற்று மூட்டு’ என்பது என் தற்காலிக ஏற்பாடு, எனக்கே அதில் நிறைவில்லை. இதைவிட நல்லது இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை முன்வரைவு அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்,
துண்டறிக்கைப் பொறுப்பில் இருப்பவன்