45,000 ரூபாயா, 95,000 ரூபாயா: தினமும் பேருந்தில் போய்வர எந்த மடிக்கணினி?

மஞ்சக்குப்பத்தார்:

என் மகள் புதுச்சேரியில் எம்.காம். சேர்ந்திருக்கிறாள். விடுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்த் திரும்புகிறாள். காலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம். தோளில் கனக்காத, மெல்லிய மடிக்கணினி ஒன்று அவளுக்கு வேண்டும். நேரு வீதிக் கடை ஒன்றில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்றின் விலை 45,000 ரூபாய். பிளாஸ்டிக் உடல், 1.6 கிலோ, 8 ஜி.பி. ரேம். மற்றொன்றின் விலை 95,000. உலோக உடல், 1.2 கிலோ, 16 ஜி.பி. ரேம். திரை இரண்டிலும் 14 அங்குலம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. இரண்டிலும் 512 ஜி.பி. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஒல்லிதான். நடுவிலுள்ள அந்த 50,000 ரூபாய் எங்கே போகிறது என்று யாராவது விளக்க முடியுமா?

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அந்தப் பணம் கடையில் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போகிறது. நான் பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழாக்கிப் பிழைப்பவள். 2020இல் சிக்கனம் என்று நினைத்து மெல்லிய மலிவுக் கணினி ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பதினான்காம் மாதம் ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது இடதுபுறக் கீலருகே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரைச் சட்டம் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. வாரண்டி ஓராண்டோடு முடிந்திருந்தது. சட்டம் மாற்றியும் எட்டு மாதத்தில் மறுபடி அதே இடம் போயிற்று.

அடுத்தது திரை. விலை குறைந்த கணினிகளில் பெரும்பாலும் 250 நிட் வெளிச்சமுள்ள திரையைத்தான் வைக்கிறார்கள். கடைக்குள் அது போதும்; பேருந்தின் சன்னலோரம் வெயில் பட்டால் எக்செல் கட்டங்களுக்குப் பதிலாக உங்கள் முகம்தான் அதில் தெரியும். பிறகு பேட்டரி. மலிவுக் கணினியில் 42 வாட் மணி அளவு வழக்கம். எழுத்து வேலைக்கு 8 வாட் செலவானால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். இப்போது என்னிடமுள்ளதில் அதைவிடப் பெரிய பேட்டரி, அதைவிடக் குறைவாக மின்சாரம் குடிக்கும் சில்லு (பிராசசர்). 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியதே, அதற்கு மறுநாள் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து ஒரு நீதிமன்ற ஆவணத்தை முடித்துக் கொடுத்தேன். 95,000 ரூபாய்க்கே போங்கள். இன்னும் கொஞ்சம் சேர்க்க முடியுமானால் ஆப்பிளின் மேக்புக் ஏர் வாங்குங்கள். எம்4 சில்லுள்ளது 2025இல் 99,900 ரூபாயில் தொடங்கியது, 1.24 கிலோ, மின்விசிறியே கிடையாது.

முதலியார்பேட்டை கணக்கர்:

எம்.காம். மாணவிக்கு மேக் வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவிடுகிறேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள். மேக்கில் அதை ஓட்டச் சுற்றுவழிகள் உண்டு என்றாலும், படிக்கிற பிள்ளை பாடத்தைப் பார்ப்பாளா, சுற்றுவழியைப் பார்ப்பாளா? மேக்குக்கான எக்செல்லில், பெரிய தரவுகளைத் தொகுத்து அலசும் பவர் பிவட் வசதியும் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் பழுதுநீக்குநர்:

லாஸ்பேட்டை அம்மையார் சொன்ன கீல் கதை முழுக்க உண்மை. மாதத்துக்கு இரண்டு கணினியாவது இப்படி என் மேசைக்கு வருகிறது. ஆனால் காரணம் மலிவு மட்டும் அன்று, மலிவும் மெலிவும் ஒன்றாகச் சேர்வது. கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் நேரே பிளாஸ்டிக்கில் இறங்குவதில்லை. மிளகு அளவிலான பித்தளை நட்டுகளைச் சூடேற்றிப் பிளாஸ்டிக் தூண்களுக்குள் அழுத்திப் பதித்திருப்பார்கள். உடல் தடிமனாக இருந்தால் தூணும் உயரமாக இருக்கும், நட்டைச் சுற்றிச் சதைப்பிடிப்பும் இருக்கும். ஒல்லியாக்கும்போது தூண் குட்டையாகிறது. நாளடைவில் கீல் இறுகும்; மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கும் பழக்கமும் சேர்ந்தால் அந்தப் பக்கத்து நட்டு தூணோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் பித்தளை திருகின் முனையிலேயே தொங்கும், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பல்போல ஒட்டியிருக்கும். எபாக்சி வைத்து ஒட்டித் தருகிறோம். ஓராண்டு தாங்கினால் அதிர்ஷ்டம்.

இதற்கு மருந்து 95,000 ரூபாய் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. விலை உயர்ந்த மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மேக்கில் சேமிப்பகமும் அப்படியே. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் சில இன்றும் என்னிடம் வருகின்றன. நான்கைந்து திருகைக் கழற்றினால் ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் கையோடு வந்துவிடும், இருநூறு முந்நூறு ரூபாய்க் கூலியோடு வேலை முடியும். ஆனால் ஒரு தம்ளர் தேநீர் ஒல்லிக் கணினியின் பலகையில் இறங்கினால், பலகை மாற்றக் கேட்கும் தொகை பல நேரங்களில் கணினியின் பாதி விலையைத் தாண்டுகிறது. கல்லூரிப் பெண்ணின் பையில் தண்ணீர்ப் பாட்டிலும் சாம்பார் டப்பாவும் அதனோடுதான் பயணம் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

கடற்காற்று வேறு. தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் கணினிகளின் மின்விசிறியைக் கழற்றினால், தூசியும் உப்பீரமும் சேர்ந்து செப்புக் குழாயின் சிறகுகளுக்கு முன்னால் அப்பளம்போலப் படிந்திருக்கும்; ஒரே தகடாக உரித்தெடுக்கலாம். அது 45,000 ரூபாய்க் கணினி, இது 95,000 ரூபாய்க் கணினி என்று உப்பு பார்ப்பதில்லை.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

மின்விசிறியே இல்லாத கணினியில் அப்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாமா?

திருப்பாதிரிப்புலியூர் பழுதுநீக்குநர்:

கேட்கலாம், அம்மா, அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டேலிக்காக விண்டோஸ் என்று முடிவானபின், மின்விசிறி இல்லாததாகப் பார்த்தால் பெரும்பாலும் வேகம் குறைந்த சில்லுகளில்தான் போய் நிற்போம்.

முதலியார்பேட்டை கணக்கர்:

இப்போது கணக்கு. 45,000 ரூபாய்க் கணினி மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 15,000. 95,000 ரூபாய்க் கணினி ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 15,833. கிட்டத்தட்டச் சமம் என்று அம்மையார் மகிழலாம். ஆனால் அந்த 50,000 ரூபாயை வைப்பில் போட்டு 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 3,500 வரும். நான்காம் ஆண்டில் அன்றைய புதிய சில்லோடு வேறு கணினி வாங்கலாம். அதோடு, கணினி பேருந்திலேயே தொலைந்துபோனால் இழப்பு பாதிதான். தினமும் நெரிசலில் போகிற பிள்ளைக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

மூன்று ஆண்டு உழைக்கும் என்று எதை வைத்து எழுதினீர்கள்? என்னுடையது பதினான்கு மாதத்தில் வாய் பிளந்தது. பழுது பார்க்கும் நாட்களில் தவறிய வேலைக்கும், கடைக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலுக்கும் உங்கள் பேரேட்டில் ஒரு பத்தியும் இல்லையே.

காலாப்பட்டு ஆய்வு மாணவர்:

இருவருமே புதியது என்ற வட்டத்துக்குள் நின்று பேசுகிறீர்கள். ஒரு காலத்தில் எடைக்குறைவு என்பதே பணக்காரச் சங்கதியாக இருந்தது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார், எடை 1.36 கிலோ, விலை 1,799 டாலர். 2011இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் 1,000 டாலருக்குள் அத்தகைய ஒல்லிக் கணினிகளைக் கொண்டுவரப் பிற நிறுவனங்களை ஊக்குவித்து, அதற்கென 30 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது. அன்று தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்று நேரு வீதியில் 45,000 ரூபாய்க்குக் கிடைப்பது.

அப்படியிருக்க, அலுவலகங்கள் கழித்துவிட்ட உயர்தரக் கணினியை ஏன் பார்க்கக் கூடாது? 2018இல் வந்த ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 1.13 கிலோதான். புதியதன் விலையில் சிறு பங்குக்கு இத்தகையவை கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சில்லிலிருந்துதான் முறையாக ஏறும்; கணினி மாடலின் தலைமுறை வேறு, சில்லின் தலைமுறை வேறு. ஆறு, ஏழாம் தலைமுறைச் சில்லுகளைக் கொண்டவற்றை மெருகேற்றி விற்பவர்களிடம் ஏமாந்துவிட வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் பழுதுநீக்குநர்:

தம்பி, பழைய உயர்தரக் கணினியை நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அது என் கடை மேசையைவிட்டு நகர்வதில்லை. ஏழெட்டு ஆண்டு ஆன பேட்டரி உப்பி, அதன் மேலிருக்கும் தொடுபலகையை மேலே தூக்கி நிறுத்தும்; விரலால் அழுத்தினால் சொடுக்கு விழாது. மாற்ற வேண்டுமென்றால் அந்த மாடலுக்கு அசல் பேட்டரி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கும் போலியை நம்பி ஒரு பிள்ளையின் மடியில் வைக்க எனக்கு மனம் வராது.

மஞ்சக்குப்பத்தார் ஐயாவுக்கு நான் சொல்வது இடைவழி. 55,000 முதல் 60,000 ரூபாய்க்குள், 1.4 அல்லது 1.5 கிலோவில், மூடியாவது உலோகமாக இருக்கும் கணினி. பலகையில் 8 ஜி.பி. ரேம் இருந்தால், கூடவே காலி ஸ்லாட் ஒன்று இருக்க வேண்டும். அதில் இன்னொரு 8 போட்டால் இரண்டு வழியாகவும் தரவு ஓடும், வேகமும் கூடும். சில்லின் எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில்லுகளில் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு உண்டு, ஓர் இலக்கம்தான் வேறுபாடு. முன்னது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (கணிக்கும் மையம்). பின்னது ஜென் 3, ஆறு கோர். மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைக் காட்டுகிறது. 7520யூவுக்கு எல்.பி.டி.டி.ஆர்.5 என்ற வகை ரேம் மட்டுமே பொருந்தும் என்பதால் அது பலகையோடு பற்றவைத்தே வரும், 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8தான். 45,000 ரூபாய்க் கணினியில் எது இருக்கிறது என்று கேட்டீர்களா?

மஞ்சக்குப்பத்தார்:

கேட்டேன். 7520யூதான். கடைக்காரர் “ரைசன் 5, 7000 சீரிஸ், புதுசு சார்” என்று மட்டுமே முன்பு சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் ஒரு வேலை செய்தேன். மகளின் பையைத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். வெறும் பை 700 கிராம், சாப்பாட்டு டப்பா 650, நிரம்பிய தண்ணீர்ப் பாட்டில் 1,150, நோட்டும் புத்தகமும் 1,400, குடை 350. கணினி இல்லாமலே 4.25 கிலோ! 45,000 ரூபாய்க் கணினி சார்ஜரோடு 1.95 கிலோ, 95,000 ரூபாய்க் கணினி சார்ஜரோடு 1.4 கிலோ என்று கடையில் எழுதி வந்திருந்தேன். வித்தியாசம் 550 கிராம். மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாட்டிலைப் பாதி நிரப்பினால் ஐம்பதாயிரம் மிச்சம்” என்றார்.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

மளிகைக் கடைக்காரர் சார்ஜரை மறந்துவிட்டார். நாள் முழுக்கப் பேட்டரி நிற்கும் கணினிக்குச் சார்ஜர் வீட்டிலேயே இருக்கலாம்; ஆகவே 1.2 கிலோவையும் 1.95 கிலோவையும்தான் ஒப்பிட வேண்டும், வித்தியாசம் 750 கிராம். அரைப் பாட்டில் தண்ணீரில் அது அடங்காது.

மஞ்சக்குப்பத்தார்:

அதையும் மகளிடம் கேட்டேன். கல்லூரியில் கணினியைத் திறப்பது நாளுக்கு மூன்று மணி நேரம்தானாம். அதிலும் பாதி நேரம் ஆய்வகத்தில், பக்கத்திலேயே பிளக் இருக்கிறதாம். ஐந்து மணி நேரப் பேட்டரி என்றாலும் சார்ஜர் வீட்டில் தங்கிவிடும் என்கிறாள்.

எனவே பழுதுநீக்கும் நண்பர் சொன்ன வழியில் போகிறேன். அதே கடையில் 57,000 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது: 7530யூ, பலகையில் 8, ஸ்லாட்டில் 8, உலோக மூடி, 1.45 கிலோ. மூடியின் நடுவில் ஒரு விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பாகம் மேசையைவிட்டு எழவில்லை, சட்டமும் நெளியவில்லை. கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். விபத்துக் காப்பு என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

திருப்பாதிரிப்புலியூர் பழுதுநீக்குநர்:

கட்டுங்கள், ஐயா. தேநீர், தண்ணீர், கீழே விழுதல் மூன்றும் சேருமா என்று விதித்தாளில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். புயலும் வெள்ளமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை நம் ஊருக்குள் வந்ததே, அதன்பின் என் கடைக்கு வந்த கணினிகள் சிலவற்றில் சேறே குடியிருந்தது.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. திரையின் வெளிச்சம் எத்தனை நிட் என்று கேட்டீர்களா?

மஞ்சக்குப்பத்தார்:

300 என்று எழுதியே வாங்கிவிட்டேன், அம்மா.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

பேருந்துச் சன்னலோரத்துக்கு 300 போதாது.

மஞ்சக்குப்பத்தார்:

முதலில் உட்கார இடம் கிடைக்கட்டும், வெளிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் மகள்.