காப்டிக் மொழியின் 'இரண்டாம் காலங்கள்': தமிழில் என்ன பெயர் வைப்பது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் காப்டிக் மொழியை இரண்டாம் ஆண்டாகப் படித்துவருகிறேன். எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம் அது. கிரேக்க எழுத்துகளோடு எகிப்தின் பழைய டெமோட்டிக் எழுத்திலிருந்து எடுத்த ஆறு எழுத்துகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், சஹிதிக் கிளைமொழியைச் சில வாரங்களில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். முதல் ஆண்டு அப்படிச் சுகமாகவே போயிற்று. இப்போது எகிப்தில் சோஹாக் நகருக்கு அருகே வெள்ளை மடத்தின் தலைவராக இருந்த ஷெனூட்டேயின் உரைகளுக்கு வந்திருக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் கிரம் 1939இல் முடித்த அகராதியில் கிடைக்கிறது. வாக்கியம் மட்டும் பிடிபடுவதில்லை.

பிடிபடாததற்குப் பாதிக் காரணம் 'இரண்டாம் காலங்கள்' என்ற ஒன்று. காப்டிக் வினைகளுக்கு இரண்டு வரிசை வடிவங்கள் உண்டு. 'அஃப்ஸோதம்' என்றால் 'கேட்டான்'. 'ந்தஃப்ஸோதம்' என்றாலும் அகராதிப் பொருள் அதுதான். 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் முன்னதை முதலாம் காலம், பின்னதை இரண்டாம் காலம் என்று எண் போட்டு வைத்தார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைத் தெளிவாக்கியவர் ஹான்ஸ் யாக்கோப் போலோட்ஸ்கி. 1944இல் கெய்ரோவில் வெளியான ஆய்வில் அவர் சொன்னது இது: இரண்டாம் வடிவம் வந்தால் வாக்கியத்தின் செய்தி வினையில் இல்லை, வினைக்குப் பின்னால் வரும் இடம், நேரம், காரணம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

வகுப்பில் இதை விளங்கவைக்க ஆசிரியர் பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி வளைத்தார். எனக்குச் சுற்றவே தேவைப்படவில்லை. 'எக்பேக் எதோன்' என்ற கேள்வியைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நீ போவது எங்கே?' 'ந்தக்-ஈ எபோல் தோன்' என்றால் 'நீ வந்தது எங்கிருந்து?' வினையைப் 'போவது', 'வந்தது' என்று பெயராக்கிவிட்டு, சொல்லவேண்டியதைக் கடைசியில் வைக்கும் நம் வழக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

என் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன். அங்கேதான் சிக்கல். 'இரண்டாம் காலம்' என்று எழுதினால் காலத்தைப் பற்றியது என்று தோன்றுகிறது. காலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 'அழுத்த வினை' என்று சில பக்கங்கள் எழுதிப் பார்த்தேன். 'குவிய வினை' என்றும் யோசித்தேன், ஆனால் பள்ளி இயற்பியலின் லென்ஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்கள் ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
காப்டிக் மாணவன்

* * *

தம்பிக்கு,

'அழுத்த வினை'யை உடனே அடித்துவிடுங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், செய்தி வினையில் இல்லை என்று. பிறகு வினைக்கு அழுத்தம் என்று பெயர் வைத்தால் படிப்பவன் நேர் எதிராகப் புரிந்துகொள்வான். 'குவிய வினை'க்கும் அதே குற்றம். லென்ஸ் வேறு வந்து சேர்ந்தால் அது கூடுதல் வட்டி.

எனக்குக் காப்டிக் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் சரக்கு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் பிரிநிலை ஒன்று. 'அவருள் இவனே கள்வன்' என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. எச்சவியலில் பத்து எச்சங்களை அடுக்கும்போதும் பிரிநிலைதான் முதலில் நிற்கிறது. 'நீ போவது எங்கே?' என்று கேட்கும்போது எல்லா இடங்களிலிருந்தும் ஓர் இடத்தைப் பிரித்துத் தரச் சொல்கிறோம். ஆகவே 'பிரிநிலை வடிவம்' என்று வையுங்கள். 2,000 ஆண்டுப் பழஞ்சொல் வீட்டில் இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும்?

நேற்று ஒரு நண்பர் தனிமடலில் 'பின்னோக்கு வினை' என்று அனுப்பினார்; பின்னால் வருவதை நோக்கும் வினையாம். தமிழில் 'பின்' என்பது அடுத்து வருவதையும் குறிக்கும், முதுகுப் பக்கத்தையும் குறிக்கும். 'பின்னோக்கு' என்றதும் எல்லோரும் முதுகுப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல முயற்சி, பாவம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மொழியில் இதுபோல் வினையை மாற்றும் வடிவங்கள் வேறும் இருக்கின்றனவா? இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் நாளை அடுத்தது வந்து வாசலில் நிற்கும்.

அன்புடன்,
தமிழாசிரியர் (ஓய்வு)

* * *

ஐயா,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இருக்கின்றன, நான்கு. பென்ட்லி லேட்டனின் காப்டிக் இலக்கணம் (முதல் பதிப்பு 2000) இவற்றை நான்கு 'மாற்றிகள்' என்று ஒரே குடும்பமாக வைக்கிறது. வினையின் முன்னே ஒட்டிக்கொண்டு அதன் நிலையை மாற்றும் சிறு உறுப்புகள் இவை. ஒன்று வினையைப் பெயரெச்சமாக்குகிறது: 'கேட்ட', 'கேட்கும்'. ஒன்று வினையெச்சம் போல் ஆக்குகிறது: 'கேட்க', 'கேட்கையில்'. ஒன்று இறந்தகாலத்துக்குத் தள்ளுகிறது. நான்காவது நம் ஆள். மின்சாரத் துறையில் 'மின்மாற்றி' நிலைத்துவிட்டதால் 'மாற்றி' என்ற சொல் உறுத்தாது. எனவே 'பெயரெச்ச மாற்றி', 'வினையெச்ச மாற்றி', 'பிரிநிலை மாற்றி' என்று எழுதிப் பார்த்தேன்.

எழுதியதும் ஒரு சந்தேகம் வந்தது. போலோட்ஸ்கியின் பார்வையில் 'அவன் போவது வீட்டுக்கு' என்பதில் 'அவன் போவது' எழுவாய், 'வீட்டுக்கு' பயனிலை. அப்படியானால் 'எழுவாய் மாற்றி' என்பதுதானே குடும்பத்துக்குப் பொருத்தம்? பெயரெச்சமாக்குவது பெயரெச்ச மாற்றி என்றால், எழுவாயாக்குவது எழுவாய் மாற்றி. இரண்டு நாள் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கைவிட்டேன். தமிழில் 'போவது' ஐயத்துக்கு இடமில்லாத பெயர்; வேற்றுமை உருபு ஏற்கும், 'போவதை', 'போவதற்கு' என்று. காப்டிக்கில் இந்த வடிவம் அப்படி வெளிப்படையாகப் பெயர்போல் நடப்பதில்லை. பெயரிலேயே ஒரு கோட்பாட்டைப் பூட்டிவிட்டால், அந்தக் கோட்பாட்டோடு உடன்படாதவர் நம் சொல்லைத் தொடவே மாட்டார்.

'பிரிநிலை'க்கும் எனக்கு ஒரு தடை இருந்தது. 'அவருள் இவனே கள்வன்' என்றால் மற்றவர்கள் கள்வர்கள் அல்லர் என்று ஆகிறது. காப்டிக்கில் 'ந்தஃப்-ஈ எஸோதம்' என்றால் 'அவன் வந்தது கேட்க'. வேறு நோக்கங்களை விலக்குவது எப்போதும் எண்ணமில்லை. எதற்கு வந்தான் என்பதே செய்தி, அவ்வளவுதான்.

இந்தத் தடையை நீக்கியது எதிர்மறை. காப்டிக்கில் முதலாம் வரிசையில் 'வரவில்லை' என்று சொல்ல 'ம்ப்-' என்ற தனி முன்னொட்டு உண்டு. இரண்டாம் வரிசையில் அது வராது. 'அன்' என்ற சொல்லைத்தான் சேர்ப்பார்கள். பொருள் வேறுபாடு நமக்குக் கண்ணாடிபோல் தெரியும். முதலாவது 'அவன் கேட்க வரவில்லை'. இரண்டாவது 'அவன் வந்தது கேட்க அல்ல'. பின்னதில் வந்தது வந்ததுதான், அதை யாரும் மறுக்கவில்லை. கேட்பது ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து மறுக்கிறோம். தமிழ் 'இல்லை'யையும் 'அல்ல'வையும் எங்கே பிரிக்கிறதோ, ஏறத்தாழ அதே இடத்தில் காப்டிக் 'ம்ப்-' ஐயும் 'அன்' ஐயும் பிரிக்கிறது. ஆகவே இங்கே பிரிவது ஒரு கூட்டத்திலிருந்து ஓர் ஆள் அல்ல. வாக்கியத்திலிருந்து ஓர் உறுப்பு. உங்கள் சொல்லைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

இன்னொரு வகையிலும் 'பிரிநிலை' எனக்கு உதவுகிறது. சஹிதிக்கில் பிரிநிலை மாற்றியும் வினையெச்ச மாற்றியும் நிகழ்காலத்தில் ஒரே உருவம்: வெறும் 'எ'. 'எஃப்பேக் எபேயி' என்று தனியே நின்றால் 'அவன் போவது வீட்டுக்கு'. அதையே 'ஐனாவு எரோஃப்' என்பதற்குப் பின் வைத்தால் 'அவன் வீட்டுக்குப் போகக் கண்டேன்'. போதாததற்கு 'ஊரோமெ எஃப்ஸோதம்' என்பதில் அதே வினையெச்ச மாற்றி 'கேட்கும் ஒரு மனிதன்' என்று பெயரெச்ச வேலையும் பார்க்கிறது. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எல்லோரும் வழுக்கி விழும் படி இதுதான். பொஹைரிக் கிளைமொழிக்கு ஓடினாலும் தப்ப முடியாது; அங்கே இரண்டாம் நிகழ்காலத்தின் 'அஃப்-' முதலாம் இறந்தகாலத்தின் 'அஃப்-' போலவே இருக்கும். உருவம் கைகொடுக்காதபோது, 'இந்த வாக்கியத்தில் எதைப் பிரித்துக் காட்டுகிறார்?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லிப் பெயரே நினைவூட்டுகிறது. 'இரண்டாம்' என்ற எண் அப்படி எதையும் நினைவூட்டாது.

ஆகவே என் சொற்பட்டியலில் முன்னொட்டுக்குப் 'பிரிநிலை மாற்றி', அது சேர்ந்த வினைக்குப் 'பிரிநிலை வடிவம்'. பழைய நூல்களைத் திறப்பவர்களுக்காகப் 'பழம்பெயர்: இரண்டாம் காலம்' என்று அருகில் ஒரு வரி. 'வினையெச்ச மாற்றி' பெயரெச்ச வேலையும் பார்ப்பதால் அந்தப் பெயர் முழுப் பொருத்தம் இல்லை என்பது தெரியும். அதைவிட நல்லது கிடைக்கும்வரை அதுவே இருக்கட்டும்.

வாசலில் நிற்கும் அடுத்தவரையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாற்றி 'நெ'. 'நெஃப்ஸோதம்' என்றால் 'கேட்டுக்கொண்டிருந்தான்'. இதை 'இறந்தகால மாற்றி' என்று எழுதினால், ஏற்கெனவே இறந்தகாலத்தில் இருக்கும் 'அஃப்ஸோதம்' மீதும் இது ஏறி 'கேட்டிருந்தான்' என்று ஆக்குவதை எப்படி விளக்குவது? இறந்தகாலத்துக்கு மேல் இன்னொரு இறந்தகாலமா? உங்கள் பத்து எச்சங்களில் இதற்கும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா, ஐயா?

அன்புடன்,
காப்டிக் மாணவன்