டிவிடி எழுதி முடித்தபின் ட்ரே திறக்க மறுக்கிறது, லினக்ஸ் மின்ட்

பெரம்பூர்க்காரன்:
அத்தையின் 1994 கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றி டிவிடியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பென் டிரைவில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்காதீர்கள். அத்தைக்கு டிவிடி பிளேயர் ரிமோட்தான் கைப்பழக்கம். நாத்தனார்களுக்கும் சேர்த்து 6 பிரதி வேண்டுமாம்.

பழைய டெஸ்க்டாப், பிரேசரோ என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் எழுதுகிறேன். எழுதுவதில் குறை இல்லை. முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது, அவ்வளவுதான்; மோட்டார் சத்தம்கூட இல்லை. டெர்மினலில் எஜெக்ட் என்று அடித்தால் 'டார்கெட் இஸ் பிஸி' என்கிறது. ரீஸ்டார்ட் செய்து, லோகோ வரும் நேரம் பார்த்து அமுக்கினால் சமத்தாகத் திறக்கிறது. 3 டிஸ்க்குக்கு 3 ரீஸ்டார்ட் ஆயிற்று. கடையில் வாங்கிய டிஸ்க்குகளை ஃபைல் மேனேஜரில் அம்புக்குறியைத் தட்டி எடுப்பேன், அவை ஒழுங்காக வருகின்றன.

பழைய ஸ்க்ரூ:
தம்பி, உள்ளே ரப்பர் பெல்ட் இறுகியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் பெல்ட் போன டிரைவ் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ரிச்சி தெருவில் பழைய டிரைவ் வாங்கி அதிலிருந்து கழற்றிப் போடலாம். அவசரம் என்றால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்தி முகப்பில் உள்ள சின்னத் துளையில் நேராகக் குத்துங்கள். டிஸ்க் சுற்றும்போது மட்டும் வேண்டாம்.

இரவுப் பணி:
அண்ணே, பெல்ட் என்றால் மோட்டார் முனகும், ட்ரே பாதியில் நிற்கும். இவருக்குச் சத்தமே இல்லை, லோகோ நேரத்தில் ஒழுங்காகத் திறக்கவும் செய்கிறது. டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, பூட்டியது லினக்ஸ்.

டிஸ்க்கைப் போட்டதுமே யூடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் பகுதி) ட்ரேயைப் பூட்டிவிடும். அதன்பின் பொத்தான் வெறும் அழைப்புமணி மாதிரி: திறக்கச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான். பழைய டிரைவ் சிலவற்றில் அந்தக் கேள்வி சிஸ்டத்தின் காதுக்கே போகாது. 'பிஸி' என்பது வேறு சங்கதி, டிஸ்க்கை எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எது என்று எஃப்யூசர் கட்டளை காட்டும்: அடுத்த முறை நிர்வாகி அனுமதிக்காக முன்னால் சூடோ போட்டு எஃப்யூசர் -விஎம் /டெவ்/எஸ்ஆர்0 அடித்து, வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

பெரம்பூர்க்காரன்:
4வது டிஸ்க் முடிந்தது. கவனிக்க ஒரு வரிதான்: என் பெயர், ஓர் எண், நடுவில் 'சி' என்ற எழுத்து, கடைசியில் பாஷ். பிரேசரோ பெயரே இல்லை.

இரவுப் பணி:
அந்த 'சி' தான் விஷயம். ஏதோ ஒரு பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் நிரல்) அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எழுதி முடித்ததும் டெர்மினலில் என்ன செய்கிறீர்கள்?

பெரம்பூர்க்காரன்:
ஐயோ, நான்தான். போன மாதம் முதலில் எழுதிக் கொடுத்த டிஸ்க் அத்தை வீட்டில் தாலி கட்டும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி ஐந்து நிமிடம். அன்றிலிருந்து எழுதியதும் ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளை போட்டு டிஸ்க்குக்குள் போய், ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் தரும் எம்டி5சம் ஓட்டி, ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதோடு ஒவ்வொரு ஃபைலாக ஒப்பிடுகிறேன். அந்த ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு, எஜெக்ட்டை வேறு ஜன்னலில் அடித்திருக்கிறேன்! கடை டிஸ்க்கை யார் சரிபார்க்கப் போகிறார்கள், அதனால்தான் அதில் வம்பு வரவில்லை.

சிடி என்று மட்டும் அடித்து வெளியே வந்து எஜெக்ட் கொடுத்தேன், ட்ரே வந்துவிட்டது. பொத்தான் இன்னும் அசையவில்லை.

இரவுப் பணி:
பொத்தானுக்கு: /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டரில் 60-சிடிராம்_ஐடி.ரூல்ஸ் இருக்கும். அதை /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி-க்கு அதே பெயரில் நகலெடுங்கள். நகலில் --லாக்-மீடியா என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட்; வரியின் மற்ற பகுதி அப்படியே இருக்கட்டும். மூலத்தில் கை வைக்காதீர்கள், அப்டேட் வந்தால் அழிந்துவிடும். ஆனால் பிறகு டிஸ்க்கைப் படித்துக்கொண்டிருக்கும்போது அமுக்கினாலும் ட்ரே வெளியே வந்துவிடலாம். வீட்டில் குழந்தை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

பெரம்பூர்க்காரன்:
செய்தேன், வேலை செய்கிறது சார். 5வது டிஸ்க்கை முதல்முறையாகப் பொத்தானை அமுக்கி எடுத்தேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பழைய ஸ்க்ரூ:
சரி தம்பி. இருந்தாலும் அந்தப் பெல்ட்டை ஒருமுறை பார்த்து வையுங்கள்.