லேபிளில் பெயரில்லை: பேஸ் வாசித்தது யார்?

கேள்வி: 1966ல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவான 45 ஆர்பிஎம் தட்டு. லேபிளில் பாடகர், இசையமைப்பாளர் பெயர்தான். பேஸ் (தாழ்ந்த சுருதி கிட்டார்) வாசித்தது லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோ கலைஞர் கரோல் கே என்று சிலர், டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்று சிலர். கேட்டே சொல்லிவிடலாமா?

பதில் 1: காதைக் கடைசிக்கு வையுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் மேட்ரிக்ஸ் எண் (தட்டின் அச்சுக்கான அடையாள எண்) கீறியிருக்கும். அதைப் பிடித்துப் பதிவுத் தேதியைத் தேடுங்கள். அடுத்து, யார் வாசித்தார், என்ன சம்பளம் என்று பதிந்த இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தத் தாள். லாஸ் ஏஞ்சலஸ் என்றால் சங்கத்தின் லோக்கல் 47 கிளை. குழுவை நடத்தும் லீடருக்கு இரட்டைச் சம்பளம், அதனால் அவர் பெயர் உடனே தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், 3 மணி நேரப் பதிவு அமர்வு (செஷன்) ஒன்றுக்கு ஒரே தாள். அதில் மூன்று நான்கு பாட்டு இருக்கும். எல்லாரும் எல்லாப் பாட்டிலும் வாசித்தார்கள் என்று அர்த்தமில்லை. ஓவர்டப்புக்கு, அதாவது பின்னால் சேர்த்துப் பதிந்த வாசிப்புக்கு, தனித் தாள் இருக்கலாம்.

பதில் 2: கரோல் கே பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வாசிப்பவர்; ஜேமர்சன் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே. அமுங்கிய ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இருவருமே கம்பியின் அதிர்வை அடக்கி (மியூட்) வாசித்தவர்கள். பிக் பட்டு வரும் 'டிக்' சத்தத்தையும் நம்ப முடியாது: அப்போது லாஸ் ஏஞ்சலஸில் நிறுத்தி வாசிக்கும் பெரிய டபுள் பேஸோடு ஆறு கம்பி டான்எலெக்ட்ரோ பேஸ் கிட்டாரைச் சேர்த்து வாசிப்பது வழக்கம், அந்தச் சத்தம் அதிலிருந்தும் வரலாம்.

பதில் 3: இணையத்தில் பத்து தளம் ஒரே பெயரைச் சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்; எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தாளும் காதும் ஒத்துப்போகாவிட்டால் 'உறுதியில்லை' என்றே குறித்து வையுங்கள்.