"நச்சுநீக்கம்" போதவில்லை: "நஞ்சேந்தல்" என்றொரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மயிர்க்கொட்டிகள் தாம் தின்னும் செடியின் நஞ்சை என்ன செய்கின்றன என்று உயர்தர மாணவருக்கு உயிரியல் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான், "நச்சுநீக்கம்" என்ற ஒரே சொல்லால் ஒன்றுக்கொன்று எதிரான செயல்களை நாம் குறித்துவருவது எனக்குப் புலப்பட்டது. (மயிரே இல்லாத புழுவையும் மயிர்க்கொட்டி என்பது வேறொரு நாளைக்கான வழக்கு.)

நுவரெலியாவில் கோவாப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு வைரமுதுகு அந்தின் புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விரல் பட்டதும் துள்ளிப் பின்வாங்கி, இலையோரத்திலிருந்து ஒற்றை நூலில் தொங்கும் சிறு பச்சைப்புழு அது. கோவா இலை கடிபட்டதும் அதிலுள்ள குளூக்கோசினோலேற்று என்ற சேர்வையை மைரோசினேஸ் என்ற தாவர நொதியம் உடைத்துக் காரமான கடுகெண்ணெய்ச் சேர்வைகளாக்கும். இப்புழுவின் குடலிலுள்ள நொதியமோ முந்திக்கொண்டு அச்சேர்வையின் சல்பேற்றுக் கூட்டத்தைக் கழற்றிவிடுவதால் மைரோசினேசுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. இங்கே நஞ்சு நீக்கப்படவில்லை, பிறக்கவே விடப்படவில்லை. "நச்சுமுறி" என்ற பழைய சொல்லையொட்டி இதை நஞ்சுமுறித்தல் எனலாம். புகையிலைப் புழு நிக்கொற்றினின் பெரும்பகுதியை எச்சத்தோடு வெளியேற்றுவதை நஞ்சுகழித்தல் எனலாம். இவ்விரண்டிலும் தகராறு வராது என்று நினைக்கிறேன்.

தகராறு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியில்தான். மலையகத்தின் பாதையோரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, கிள்ளினால் பால் வடியும் அஸ்கிலேபியஸ் செடியில் இதன் புழுவைக் காணலாம். உடலெங்கும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும், முதுகில் மூன்று சோடிக் கறுப்பு நீட்சிகளும் இருக்கும். எருக்கின் உறவான அச்செடியின் பாலிலுள்ள கார்டினோலைட்டுகள் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள். புழு அவற்றை முறிப்பதுமில்லை, முழுவதுமாகக் கழிப்பதுமில்லை. தின்ற செடியைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோ தன் உடலிற் சேர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து இறகு முளைத்த பின்னும் வைத்துக்கொள்கிறது. இதன் அமெரிக்க உறவான மன்னர் வண்ணத்துப்பூச்சியில் இந்நஞ்சுகள் இருப்பதை 1968இல் தடேயஸ் ரைக்ஸ்டைன், மிரியம் ரொத்சைல்ட் முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஆங்கிலத்தில் "சீக்குவெஸ்ட்ரேசன்" எனப்படும் இச்செயலுக்கு நண்பர் ஒருவர் "தனிமைப்படுத்தல்" என்றார். 2020க்குப் பிறகு அச்சொல்லைக் கேட்கும் எந்த மாணவரும் பூட்டிய வீட்டையும் பதினான்கு நாளையும்தான் நினைப்பார். "நஞ்சுத்தேக்கம்" என்றால் தானாகத் தேங்கிய பொருளாகிவிடும். மீனின் உடலில் பாதரசம் சேர்வதற்கு அது பொருந்தலாம், இங்கே பொருந்தாது. நானே முதலில் எழுதியது "நஞ்சடக்கம்". வகுப்பில் அதை வாசித்தபோது பின்வரிசை மாணவி, "சேர், புழு நஞ்சைக் கொண்டுபோய்ப் புதைக்குமா?" என்று கேட்டார். நல்லடக்கம் என்ற வழக்கு நம்மிடம் அவ்வளவு வேரூன்றியிருக்கிறது! அன்றிரவே அச்சொல்லை வெட்டிவிட்டேன்.

ஆகவே என் முன்மொழிவு "நஞ்சேந்தல்". நாம் "ஆயுதமேந்திய" என்கிறோம். பகைவனுக்கு எதிராக வேண்டியே எடுத்துக் கையில் வைத்திருப்பதை அது உணர்த்துகிறது, புழு செய்வதும் அதுவே. "நஞ்சேந்தும் புழு", "நஞ்சேந்தி" என்று வினையும் பெயரும் இடறின்றிப் பிறக்கின்றன. தமிழகத்தில் சிறு குளத்துக்கும் ஏந்தல் என்று பெயருண்டு என ஒருவர் தடை எழுப்பலாம். நீரை ஏந்துவதால் வந்த பெயர் நம் பொருளுக்குத் துணையே செய்யும்.

இதோடு "நஞ்சுதாங்கல்", அதாவது நஞ்சு உடலில் இருந்தும் பாதிக்கப்படாமை, என்பதையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. கார்டினோலைட்டுகள் கலங்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் புரதமான சோடியம் பம்பிற் பற்றி அதை முடக்குபவை. மன்னர் வண்ணத்துப்பூச்சியின் பம்பில் 122ஆம் இடத்தில் அஸ்பரஜீன் என்ற அமினோவமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடீன் என்ற அமினோவமிலம் இருப்பதால் நஞ்சின் பிடி தளர்கிறது. தாங்குவது வேறு, ஏந்துவது வேறு; தாங்கும் பூச்சிகள் எல்லாம் ஏந்துவதில்லை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. வெந்தய வரியன் ஆண்கள் வளர்ந்த பிறகும், தேயிலை நிலங்களில் பசளைக்காக வளர்க்கப்பட்ட கிலுகிலுப்பை போன்ற செடிகளின் வாடிய பாகங்களில் மொய்த்து அற்கலொயிட்டுகள் என்ற தாவர நஞ்சுகளை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணப்பொருளுக்குப் பயன்படுத்துகின்றன. அதையும் நஞ்சேந்தல் என்றே வைத்து, "குடம்பிநிலை" (புழுப் பருவம்), "நிறைவுடலிநிலை" (வளர்ந்த பருவம்) என்று அடைகொடுத்துப் பிரித்தால் போதுமென்பது என் கருத்து.