எஞ்சின் ஹெட் வேலை முடிந்து வந்த வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை, ஞாயிறு கொல்லிமலை போகணும், உதவுங்கள்

நாமக்கல்_முட்டை (வியாழன், இரவு 9:14)
வணக்கம் அண்ணன்மாரே. நேற்று மாலைதான் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங், சீட் எல்லாம் ஆடுகிறது. ஸ்லோ (ரேஸ் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது, இறங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. ரேஸ் கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. மெக்கானிக்கைக் கேட்டால், "புது வேலை, ரெண்டு நாள் ஓட்டினா செட் ஆகிடும்" என்கிறார். அப்படி ஆகுமா? ஞாயிறு அக்கா மகனுக்குக் கொல்லிமலையில் மொட்டை. சீக்கிரம் சொல்லுங்கள்.

கிளட்ச்வயர் (9:20)
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா?

பழைய பிஸ்டன் (9:26)
ஹெட் வேலை என்றால் என்ன வேலை தம்பி? வால்வ் கிரைண்டிங்கா, கேஸ்கட் மட்டுமா? ஏன் இறக்கினார்கள்?

ஸ்பேனர் 10-12 (9:31)
வண்டி பெயர் இல்லை, வருடம் இல்லை, ஐடில், அதாவது ஸ்லோ, எத்தனை ஆர்பிஎம் என்று இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்க" என்று வாசலில் நின்று கத்துவது மாதிரி இருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது?

நாமக்கல்_முட்டை (9:48)
மன்னிக்கவும். சான்ட்ரோ ஜிங், 2009, பெட்ரோல். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டமாக ஃபேஸிங் அடித்தார்கள். டைமிங் பெல்ட்டும் புதிது. என்னுடையது அடிப்படை மாடல், ஆர்பிஎம் முள்ளே கிடையாது சார்.

கிளட்ச்வயர் (9:53)
பெல்ட் மாற்றினார்களா? அப்படியானால் முடிந்தது கதை. ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். கவரைக் கழற்றி மார்க் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மாமா வண்டியில் இதே கதைதான்.

ஸ்பேனர் 10-12 (10:02)
உங்களுக்கு எல்லா வண்டியிலும் பெல்ட்தான் கிளட்ச்வயர். ஸ்லோ ஏறி இறங்கினால் ஐடில் மோட்டார். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கிளீன் செய்யாமல் அப்படியே திரும்ப மாட்டியிருப்பார். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

தாராபுரம் தனா (10:10)
வேலையின்போது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள் அல்லவா? ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், பழைய ஐடில் கணக்கை மறந்திருக்கும். கொஞ்சம் ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளும். அந்த வகையில் மெக்கானிக் சொன்னது முழுப் பொய் இல்லை.

கரும்புக்காடு (10:17)
பெட்ரோலைப் பற்றி யாருமே பேசவில்லையே. இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். அதைத் தாங்கும் ரப்பர் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில் இருந்துதான். 2009 வண்டி ஆடாமல் என்ன செய்யும்?

தாராபுரம் தனா (10:22)
வேலைக்கு விடும் முன்னும் அதே பங்க், அதே பெட்ரோல்தானே ஐயா? புதன் மாலையில் இருந்துதான் எத்தனாலுக்குக் கோபம் வந்ததா?

பழைய பிஸ்டன் (10:40)
தம்பி, காலையில் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் நாலு சிலிண்டரும் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் முதலாவதன் வயர் சாக்கெட்டை மட்டும் கழற்றுங்கள். ஆட்டம் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் மிஸ்ஸிங் அங்கேதான். மாட்டிவிட்டு அடுத்தது. ஃபேனும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கையும் சட்டையும் பத்திரம்.

கிளட்ச்வயர் (10:44)
அதற்குப் பிளக் வயரையே பிடுங்கிப் பார்த்துவிடலாமே, நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

பழைய பிஸ்டன் (10:51)
அது கார்புரேட்டர் காலம். ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கினால் காயில் போகும், கையில் ஷாக்கும் அடிக்கும். எரியாத பெட்ரோல் வேறு சைலன்சர் வரை போகும். வேண்டாம்.

கரும்புக்காடு (11:05)
தனா, கேலி இருக்கட்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. தண்ணீரையும் இழுக்கும். வேலை நடந்தபோது வண்டி எத்தனை நாள் நின்றது? டேங்கில் என்ன ஆகியிருக்கும்?

தாராபுரம் தனா (11:11)
சக்தி குறைந்தால் மைலேஜ் அடிபடும், ஒப்புக்கொள்கிறேன். கலவை கொஞ்சம் மாறினால் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரி செய்துகொள்ளும். ஸ்லோ ஏறி இறங்காது. கரும்புக்காடு என்று பெயர் வைத்துக்கொண்டு எத்தனாலைத் திட்டுகிறீர்களே, அதுதான் புரியவில்லை.

கரும்புக்காடு (11:19)
கரும்பு போடுகிறவன் என்பதால்தான் திட்டுகிறேன். 20 சதவீத எத்தனாலுக்கு 2030க்கு வைத்த இலக்கை 2025க்கு இழுத்தார்கள். ஆலை எனக்குப் பணம் தரும் தேதியை யாரும் முன்னால் இழுக்கவில்லை.

ஸ்பேனர் 10-12 (11:24)
விவசாயப் பிரச்சினைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

நாமக்கல்_முட்டை (வெள்ளி, காலை 7:35)
நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. எதைக் கழற்றினாலும் ஆட்டம் அதிகமாகிறது.

பழைய பிஸ்டன் (7:50)
நல்லது. நாலும் உயிரோடு இருக்கின்றன. பிளக், இன்ஜெக்டர், வால்வ் என்று ஒரு சிலிண்டரை மட்டும் பிடித்துத் தேட வேண்டாம். நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

கிளட்ச்வயர் (7:58)
பெல்ட்டும் நாலுக்கும் பொதுதான். ஒரு பல் தள்ளினால் நாலும் ஒரே மாதிரிதான் கெடும். நேற்றே சொன்னேன்.

பழைய பிஸ்டன் (8:03)
நியாயம்தான். ஆனால் பல் தள்ளியிருந்தால் பிக்கப்பும் செத்திருக்கும். தம்பி, மேட்டில் எப்படி இழுக்கிறது?

நாமக்கல்_முட்டை (8:20)
பிக்கப் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. பிரேக்தான் கல் மாதிரி இருக்கிறது, ஏறி நின்று மிதிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிரேக்கில் அவர் கையே வைக்கவில்லை. அதை அடுத்த மாதம் பேட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பழைய பிஸ்டன் (8:24)
தம்பி, வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

பிரேக் பெடல் லேசாக இருப்பது பூஸ்டரால். பூஸ்டருக்கு வேக்கம் (உறிஞ்சும் இழுப்பு) எங்கிருந்து வருகிறது? எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து, ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக. ஹெட்டை இறக்கும்போது அந்த ஹோஸைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது கிளிப் போடாமல் விட்டிருக்கலாம், பழைய ரப்பர் முனையில் கிழிந்திருக்கலாம். பிரேக் கெட்டியானதும் ஸ்லோ ஆடுவதும் ஒரே ஓட்டையால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வழியாக ஏர் இழுத்தால் த்ராட்டில் மூடியிருந்தாலும் எஞ்சினுக்குக் காற்று கிடைக்கும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அதையும் கணக்கில் எடுக்கும், ஈசியு அதற்கேற்பப் பெட்ரோல் கொடுக்கும், ஸ்லோ ஏறும். "கால் எடுத்த பிறகும் இவ்வளவு வேகமா" என்று ஈசியு பெட்ரோலை நிறுத்தும், ஸ்லோ விழும். மறுபடி கொடுக்கும். நீங்கள் சொன்ன ஏறி இறங்குவது இதுதான்.

நின்ற இடத்திலேயே பாருங்கள். எஞ்சினை ஆஃப் செய்து பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். இறுகிய பெடலில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலடியில் கொஞ்சம் இறங்கும். இறங்கவில்லை என்றால் சந்தேகமே இல்லை. அப்புறம் எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸ் மேனிஃபோல்டில் சேரும் இடத்தில் காதைக் கொடுங்கள், 'உஸ்' என்று கேட்கும். முனையைக் கையால் இறுக்கிப் பிடித்தால் ஸ்லோ மாறும்.

தாராபுரம் தனா (8:31)
காரவள்ளியில் இருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. குழந்தையை வைத்துக்கொண்டு இந்தப் பிரேக்கோடு ஏறி, அப்புறம் இறங்கவும் வேண்டுமே! பிஸ்டன் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

ஸ்பேனர் 10-12 (9:10)
ஐடிலில் காற்றுக் கணக்கு தப்புகிறது என்பதைத்தான் நான் நேற்று இரவே சொன்னேன்.

கிளட்ச்வயர் (9:12)
நீங்கள் சொன்னது ஐடில் மோட்டார். மேலே அப்படியே இருக்கிறது, "வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை" என்பதும் சேர்த்து.

ஸ்பேனர் 10-12 (9:15)
கொள்கை ஒன்றுதான்.

கரும்புக்காடு (9:40)
அந்த ஹோஸ் ரப்பர் ஏன் கிழிந்தது என்று யாராவது கேட்டீர்களா?

தாராபுரம் தனா (9:44)
ஐயா, அதற்குள் ஓடுவது காற்று. பெட்ரோல் இல்லை.

நாமக்கல்_முட்டை (சனி, மாலை 6:52)
ஹோஸ்தான் அண்ணா. கிளிப்பே இல்லை, முனையில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அவரே வந்து புதிது போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பிரேக் பழையபடி ஆகிவிட்டது, ஸ்லோவும் நிற்கிறது. ஏசி போட்டால் மட்டும் லேசாக ஆடுகிறது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம், எல்லோருக்கும் நன்றி.

பழைய பிஸ்டன் (7:05)
சந்தோஷம். அந்த ஹோஸில் காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் ஒரு செக் வால்வ் உண்டு. அதன் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று கிளம்பும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஏசி ஆட்டத்துக்கு எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும், அது அவசரமில்லை.

பழைய பிஸ்டன் (8:40)
தம்பி, பார்த்தீர்களா?

கிளட்ச்வயர் (ஞாயிறு, இரவு 10:15)
மொட்டை நல்லபடியாக முடிந்ததா? பெல்ட் மார்க்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.